நீ வாயசைத்ததை நாங்கள் கேட்டுவிட்டோம்

சான்ட்ரிங்ஹாம், ஆக்லாந்து

என் செல்லக் கழுதை பாலாவுக்கு,

ஜெயிச்சுட்டோம்டா. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. நீ இருந்திருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்திச் சொல்லியிருப்பேன். நீயும், "மெதுவா பேசுக்கா, பக்கத்து வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிடப் போறான் லா" என்றிருப்பாய். இப்போது கத்துவதற்கு எதிரே ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

உன் படம் ஓடியது. போஸ்டரில் ரமிலின் படம் என்றுதான் போட்டிருக்கிறது, எனக்கு அது உன் படம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நகரத்தில் ஒரு பழைய தியேட்டரில், உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்று பார்த்தார்கள். உங்கள் இருவரையும் அண்ணன் தம்பியாக மாற்றவில்லை. துணியைக் கழற்றி விற்கவும் இல்லை. எப்படி இருந்தீர்களோ அப்படியே திரையில் இருந்தீர்கள்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், கேள். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்வேன், குறுக்கே பேசாதே. கூட இருந்து படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாதில்லையா?

நீ மலேசியாவில், ஈப்போவில் பிறந்தாய், என் பின்னாலேயே ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தாய். விடியற்காலையில், இங்கே டெய்ரி என்கிற தெருமுனைக் கடைகளுக்கெல்லாம் ரொட்டி வேன் ஓட்டினாய். எல்லர்ஸ்லியில் நான் சம்பளக் கணக்குப் பார்க்கிற அலுவலகத்தின் கேண்டீனுக்கும் நீதான் ரொட்டி கொண்டுவருவாய். அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரமிலை நீ பார்த்ததும் அப்படித்தான். மணிலாக்காரன். ஊரில் சின்ன பட்ஜெட் படங்களில் உதவி இயக்குநராக ஓடியாடியவன், இங்கே வந்து கைக்குக் கையுறை மாட்டிக்கொண்டு சட்டி தேய்த்தான். முதலில் ரொட்டியைப் பற்றிப் பேசினீர்கள். பிறகு ரொட்டி இறங்கின பின்னும் வேன் கிளம்பாமல் நின்றது. எனக்குக் கண்ணில்லையா என்ன?

ஒருநாள் என் சமையலறையில் வந்து நின்று, "அக்கா, அவன் வெறும் ஃப்ரெண்டு இல்ல" என்றாய். "தெரியும், தட்டை எடுத்து வை" என்றேன். உனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது என்று நினைக்கிறேன். பெரிய சண்டைக்குத் தயாராக வந்திருந்தாய், பாவம்.

அப்புறம்தான் இந்தப் படப் பைத்தியம் பிடித்தது. ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் இரண்டு பேர், ஒரே அறை, ஒரே வாடகை. ஒருவன் பிலிப்பைன்ஸ்காரன், அவன் சம்பளத்தில் பாதி ஊரில் இருக்கும் குடும்பத்துக்குப் போகிறது. இன்னொருவன் மலேசியத் தமிழன், அவனோடு இருந்து இருந்து அவன் மொழியான டகாலோக் பேசக் கற்றவன். விசா முடிகிறது, பிலிப்பைன்ஸ்காரன் ஊருக்குத் திரும்புவதா வேண்டாமா என்பதுதான் கதை. நடிகனுக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால் ரமிலே ஒருவனாக நடித்தான், நீ இன்னொருவன். கேமராவும் இரவல். அது சத்தம் பதிவு செய்யாத பழைய கேமரா.

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ரமிலுக்கு இல்லை. அவர்கள் ஊரில் காசில்லாத படங்களை அப்படித்தான் எடுப்பார்களாம். கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு வசனத்தை உரக்க வாசிப்பார், நடிப்பவர் கேட்டுக் கேட்டுச் சொல்வார். சத்தமெல்லாம் பிறகு ஒரு அறையில் உட்கார்ந்து சேர்ப்பது. வசனம் மறந்துவிட்டால் நிறுத்தக் கூடாது, பிலிம் வீணாகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வாயை அசைத்தால் போதும். பின்னால் என்ன குரல் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நீயும் எங்கள் வீட்டில் வந்து அதை நடித்துக் காட்டினாய். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நீ எண்ண, என் வீட்டுக்காரருக்கு, அதான் உன் மாமாவுக்கு, சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

படம் எடுத்து முடித்தீர்கள். குரல் சேர்க்கும் முன் நீ போய்விட்டாய்.

மழை, மோட்டர்வே, ஒரு லாரி. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் அந்த லாரியை நம்பவில்லை. ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன வியாதின்னு சொல்லாம மறைக்கிறீங்களே" என்று ரகசியமாகக் கேட்டார். "லாரின்னு ஒரு வியாதிங்க, ரோட்ல வரும்" என்றேன். கையை விட்டுவிட்டார். ரமில் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். இரங்கல் சொன்னவர் அவனை "கூடத் தங்கியிருந்த நண்பர்" என்றார். நான் போய் அவன் கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்து வந்தேன். வரமாட்டேன் என்றான். என் கைப்பிடி உனக்குத் தெரியுமே.

ஒருவர் சம்பளத்தில் உங்கள் ஃப்ளாட் வாடகை கட்டி முடியாது. அதனால் எங்கள் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பெட்டி ஒன்று, பிலிம் டப்பாக்கள் நாலைந்து, உன் ரொட்டிக் கம்பெனி ஜாக்கெட். அதுதான் அவன் கொண்டுவந்த சொத்து.

இப்போது வில்லி வருகிறாள் என்று நினைக்காதே. நோர்மா அம்மாவை நான் வில்லி என்று சொல்லமாட்டேன். உனக்கு அவரைத் தெரியும். ஊருக்குச் சாமான் பெட்டி அனுப்பித் தருவதும் பிலிப்பைன்ஸ் படக் கேசட்டுகள் வாடகைக்கு விடுவதுமாகக் கடை வைத்திருப்பவர். பிலிம் வாங்கவும் கழுவவும் பணம் போட்டது அவர்தான். போட்ட பணத்தை எடுக்க வேண்டுமில்லையா? ரமிலைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் முகம் செத்துக் கிடந்ததால் நானும் கூடவே போனேன்.

அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார், நான் நம் பேச்சில் சொல்கிறேன். "நான் கெட்டவ இல்ல, புவனா. என் கடைக்கு வர்றது குடும்பங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசைக்குப் போயிட்டு வந்து கேசட் எடுப்பாங்க. அண்ணன் தம்பின்னு நாலு இடத்துல மாத்திட்டா போதும், இந்தப் படம் நல்லா ஓடும். வாய் எப்படியும் அசையுது. என்ன வேணா பேச வைக்கலாமே."

"இல்லன்னா?" என்றேன்.

"இல்லன்னா மணிலாவுல ஒருத்தர் வாங்கிக்கிறேன்றார். அவருக்குக் குளிக்கிற காட்சி ஒண்ணு வேணுமாம். பாலா இல்லையேன்னேன். பின்பக்கத்திலிருந்து எடுத்தா வேற யாரையாவது நிக்க வைக்கலாம், யாருக்குத் தெரியும்ன்றார்."

எனக்கு வந்ததே கோபம். "என் தம்பி முதுகு வாடகைக்கு இல்லைங்க" என்று எழுந்துவிட்டேன்.  வீட்டுக்கு வந்த பிறகு ரமில் காரிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னான், அவர்கள் ஊரிலும் இதேதானாம். இரண்டு ஆண்கள் கதை என்றால் தோலைக் காட்டு, காசு தருகிறோம் என்பார்கள். காட்டமாட்டேன் என்றால் கதையை மாற்று என்பார்கள். இரண்டு பேர் ஒன்றாகப் பசியாறுவதைப் பார்க்க மட்டும் யாரும் காசு தருவதில்லை என்றான். "பசியாறு" என்ற நம் ஊர்ச் சொல்லை அவன் வாயால் அன்றுதான் முதலில் கேட்டேன். உன்னிடம் பொறுக்கியது.

அண்ணன் தம்பியாக மாற்றச் சம்மதித்துவிடலாமா என்று கேட்டான். வேறு வழி? பிலிம் நோர்மா அம்மாவின் காசு. குரல் சேர்க்கவும் காசு வேண்டும். அவன் சட்டி தேய்க்கிற சம்பளத்தில் அது நடக்காது, நடந்தாலும் அவன் அம்மாவுக்கு ஊரில் மருந்து யார் வாங்குவது?  "முதல்ல படத்தைக் காட்டு, நான் இன்னும் பார்க்கவே இல்லையே" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. முன்னறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, வெள்ளைச் சுவரில் ஓட்டினான். சத்தமே இல்லை, மெஷின் ஓடுகிற ஓசை மட்டும். நீ சுவரில் நடந்து வந்தாய். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அழுதால் படம் தெரியாதே.

அந்தக் காலை சாப்பாட்டுக் காட்சி வந்தது. பூண்டு போட்டு வறுத்த சோறு, கருவாடு, ஒரே தட்டு. இருவரும் கையாலேயே சாப்பிடுகிறீர்கள். ரமில் கருவாட்டை உன் பக்கம் தள்ளுகிறான். நீ நிமிர்ந்து பார்த்து என்னவோ பேசுகிறாய், கருவாட்டைத் திரும்ப அவன் பக்கம் தள்ளுகிறாய்.

"இங்க பாலா வசனம் மறந்துட்டான். உன் பங்கு வாடகையையும் நானே கட்டுறேன், போகாதேன்னு டகாலோக்ல நீளமா சொல்லணும். அவனுக்கு வரல. சும்மா எண்ணுன்னு சொன்னேன், சத்தமில்லாம வாயை மட்டும் அசைச்சுத் தமிழ்ல எண்ணுறான்" என்றான் ரமில், சிரித்துக்கொண்டே.

நான் சிரிக்கவில்லை. "திரும்பப் போடு" என்றேன்.

போட்டான். மறுபடியும் போடச் சொன்னேன். எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உனக்குப் பேச்சு வருவதற்கு முன்னாலிருந்து உன் வாயைப் பார்த்து வளர்ந்தவள் நான். தூங்கும்போது நீ முணுமுணுப்பதற்குக்கூட எனக்கு அர்த்தம் தெரியும். நீ எண்ணவில்லை. ஒண்ணு, ரெண்டு என்று தொடங்குகிறவன் எதற்கு முதல் எழுத்துக்கே உதட்டை மூடுகிறான்?

நீ சொன்னது இதுதான்: "முதல்ல நீ பசியாறுடா. மீனை எனக்கே தள்ளாத. நீ இருந்தா போதும் எனக்கு."

அதை உரக்கச் சொன்னேன். ரமிலுக்கு முதலில் புரியவில்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் மெஷினை நிறுத்தவில்லை, நிறுத்த மறந்துவிட்டான். பிலிம் முடிந்து வெள்ளை வெளிச்சம் சுவரில் விழுந்துகொண்டே இருந்தது. "எண்ணுறான்னு நெனச்சேன் அக்கா. மாசக்கணக்கா இதை வெட்டி ஒட்டினேன், எண்ணுறான்னே நெனச்சேன்" என்றான். அப்புறம் அழுதான். நானும் அழுதேன். உன் மாமா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டீ போடப் போனார்.

ஏன்டா அவனிடம் அர்த்தம் சொல்லவில்லை? கேமராவுக்காகச் சொன்னாயா, அவனுக்காகச் சொன்னாயா? குரல் சேர்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாயா? உன் கள்ளச் சிரிப்பை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை.

ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது. அந்த வாய்க்கு வேறு எந்தப் பேச்சையும் வைக்க விடக் கூடாது. திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நோர்மா அம்மாவின் கடைக்குப் போனேன், இந்த முறை தனியாக.

"ஒரு ஞாயித்துக்கிழமை தியேட்டர் எடுக்கிறோம். டிக்கெட்டை முன்கூட்டியே நாங்க விக்கிறோம். அந்தப் பணத்துல குரல் சேர்க்கிற செலவும் தியேட்டர் வாடகையும் போகட்டும். அரங்கம் நிறைஞ்சா, படம் எப்படி இருக்கோ அப்படியே நீங்க கேசட் போடணும். நிறையலன்னா உங்க இஷ்டம். அண்ணன் தம்பியாக்கிக்குங்க, நான் வாயே திறக்க மாட்டேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வியாபாரிக்கு வியாபாரம் புரியும். அவர்கள் ஊரில் சர்ச்சுக்கோ பள்ளிக்கோ பணம் தேவைப்பட்டால் ஒரு காட்சியை மொத்தமாக எடுத்து, ஆளுக்கொரு கட்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வீடு வீடாக விற்பார்களாம். கட்டை வாங்கியவர்தான் அதற்குப் பொறுப்பு. விற்காவிட்டால் கைக்காசு. "உன் கட்டு பெரிசா இருக்கும்" என்றார். "இருக்கட்டும்" என்றேன்.

வெளியே வந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிறையாவிட்டால் என் கையாலேயே உன்னை அவனுக்கு அண்ணனாக்கக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். படம் என்றால் எல்லாரும் வருவார்கள், என்ன படம் என்று சொன்னால் வருவார்களா? சொல்லாமல் விற்கலாம் என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு, மறைத்து அரங்கத்தை நிறைத்தால் அந்த வெற்றி எதற்கு என்று தோன்றியது. ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் விற்பது என்று முடிவு செய்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, கசப்பும் இருந்தது. நம் தமிழ்ச் சங்கத்துப் பெரிய மனிதர் ஒருவர், "டிக்கெட் வாங்கிக்கிறேன் சிஸ்டர், ஆனா அது என்ன கதைன்னு வெளிய பரப்பாதீங்க" என்றார். "பரப்பத்தானே டிக்கெட்டே" என்றேன். வாங்காமல் போய்விட்டார். உன்னோடு கிரிக்கெட் ஆடிய ஒருவன் வாங்கிய டிக்கெட்டைத் திருப்பி எங்கள் தபால் பெட்டியில் போட்டுவிட்டான். யார் என்று சொல்லமாட்டேன், நீ அங்கேயிருந்து அவனைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் பரிமளம் அக்கா கடையைக் கேள். யாழ்ப்பாணத்து அம்மா, மெயின் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர். பருப்பு நிறுத்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். நிறுத்து முடித்துப் பொட்டலத்தை என் முன்னே வைத்தார்.

"அப்ப உம்மட தம்பியும் அந்தப் பெடியனும் புருசன் பெண்சாதி மாதிரியே இருந்தவை?"

"ஆமாக்கா."

"அந்தப் பெடியன் இப்ப ஆரோட இருக்கிறான்?"

"எங்களோட. எங்க வீட்லதான்."

"ஓம், அதுதானே முறை. ஒரு கட்டுத் தாரும், கல்லாவில வச்சு நானும் விக்கிறன்."

 பருப்புக்குப் பணம் கொடுக்காமலே வந்துவிட்டேன், மறுநாள் போய்க் கொடுத்தேன்.

உன் மாமாவையும் சொல்ல வேண்டும். அதிகம் பேசாத மனுஷன், தெரியும்தானே. ஒருநாள் காலை என்னைக் கேட்காமலே ஒரு கட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். சாயந்திரம் வெறும் பையோடு வந்தார். என்ன சொல்லி விற்றீர்கள் என்று கேட்டேன். "என் மச்சான் நடிச்ச படம், ஆம்பளையை விரும்புற ஆம்பளையா நடிச்சிருக்கான்னு சொன்னேன். அப்புறம், நடிச்சிருக்கான்னு சொல்றது தப்பு, அவன் அப்படித்தான் இருந்தான்னேன்" என்றார். சொல்லிவிட்டு செய்தி பார்க்க உட்கார்ந்துவிட்டார். அன்று அவருக்கு ரெண்டு முட்டை பொரித்துப் போட்டேன்.

பிலிப்பைன்ஸ் பக்கம் ரமில் விற்றான். அவனும் மறைக்கவில்லை. பூசை முடிந்து வருகிறவர்களிடம் போய், "இது என் கதை" என்று சொல்லியே விற்றானாம். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டு டிக்கெட்டும் வாங்கினார்கள்.

டிக்கெட் பணம் வர வர, வாடகைக்கு ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை பிடித்தோம். முன்னே போட்ட திட்டப்படி உனக்கு ஒரு பிலிப்பைன்ஸ் மாணவன் குரல் கொடுப்பதாக இருந்தது. ரமில் அதை மாற்றினான். தன் வாய்க்கு அந்த மாணவனைப் பேச வைத்தான், உன் வாய்க்கு அவனே பேசினான். படம் முழுக்க. டகாலோக் பகுதிகள் சுலபமாக முடிந்தன. இந்த மூன்று வரித் தமிழ்தான் எங்களைப் பாடாய்ப்படுத்தியது. பாத்திரம் துலக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, துணி காயப்போடும்போது எல்லாம், "மீனை எனக்கே தள்ளாத, மீனை எனக்கே தள்ளாத" என்று முனகிக்கொண்டே திரிந்தான். சரியாகச் சொன்னால் உதடு பொருந்தாது, உதடு பொருந்தினால் தமிழ் கொலையாகும். "டா"வை மட்டும் முதல் தடவையே அழகாகச் சொன்னான். அதை நீ தினம் சொல்லிக் கேட்டிருப்பான் போலிருக்கிறது.

கடைசியில் எல்லாம் சேர்ந்துவிட்டது. உன் வாய் அசைய, அவன் குரல் வந்தது. அந்த அறையில் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பணம் அத்தோடு தீர்ந்தது. படத்தின் அடியில் ஆங்கில எழுத்துப் போட ஒரு காசு மிச்சமில்லை. அந்த மூன்று வரி தவிர படமெல்லாம் டகாலோக், வரப்போகிறவர்களில் பாதிப்பேர் தமிழர்கள். ரமில் தலையில் கை வைத்துக்கொண்டான். "நீ ஏன் கவலைப்படுற? கலந்து உட்கார வெச்சுடுவோம்" என்றேன். ஒரு தமிழர், ஒரு பிலிப்பைன்ஸ்காரர், ஒரு தமிழர், ஒரு பிலிப்பைன்ஸ்காரர். பக்கத்திலிருப்பவர் காதில் சொல்லட்டும். அந்த ஞாயிறு நானே கதவில் நின்று, கல்யாணப் பந்தியில் ஆள் உட்கார வைப்பது போல ஒவ்வொருவராகப் பிடித்து உட்கார வைத்தேன். புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து உட்கார வைத்ததற்கு ரெண்டு பேர் முறைத்தார்கள். முறைக்கட்டுமே.

நிறையுமா நிறையுமா என்று தெருவை எட்டி எட்டிப் பார்த்தேன். பரிமளம் அக்கா குடும்பத்தோடு வந்தார். உன் மாமாவின் வேலை இடத்து ஆட்கள் வந்தார்கள். பிறகு பூசை முடிந்து பிலிப்பைன்ஸ் குடும்பங்கள், குழந்தை குட்டிகளோடு, நல்ல உடுப்பில், ஒரே கூட்டமாக. இருக்கைகள் தீர்ந்தன. அப்புறமும் வந்தார்கள். நோர்மா அம்மா முன்பக்கம் நின்று விரலை நீட்டி நீட்டித் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

விளக்கு அணைந்தது. படம் ஓட ஓட அரங்கம் முழுக்க ஒரு முணுமுணுப்பு. பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்கள் பக்கத்துத் தமிழர் காதில் கதை சொல்லிக்கொண்டே வந்தார்கள். விசா முடியுதாம். வாடகைக்குப் பணம் குறையுதாம். ஊருக்குப் போகப்போறானாம். யாரும் எரிச்சல்படவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான பிலிப்பைன்ஸ் அம்மா. என் கையைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

காலை சாப்பாட்டுக் காட்சி வந்தது. சோறு, கருவாடு, ஒரே தட்டு. ரமில் கருவாட்டைத் தள்ளினான். நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"முதல்ல நீ பசியாறுடா. மீனை எனக்கே தள்ளாத. நீ இருந்தா போதும் எனக்கு."

தமிழர்களிடமிருந்து ஒரு சத்தம் வந்தது பாரு. கலந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்ட சத்தம். படத்தில் தமிழ் வரும் என்று யாருக்கும் சொல்லியிருக்கவில்லையே. பிலிப்பைன்ஸ்காரர்கள் இருளில் திரும்பினார்கள். இவ்வளவு நேரம் அர்த்தம் சொன்னவர்கள் இப்போது அர்த்தம் கேட்டார்கள். என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று வரிசைக்கு வரிசை.

எங்கள் ஆட்கள் சொன்னார்களடா. சாவு வீட்டில் உனக்கு வியாதி தேடின அந்த அம்மாவும் வந்திருந்தார், எனக்கு முன்வரிசையில். அவர் பக்கத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் இளைஞன். அவன் கேட்டான்.  அந்த அம்மா அவன் காதுப்பக்கம் சாய்ந்து, தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னார்: "முதல்ல நீ சாப்பிடுன்றான். நீ இருந்தாலே எனக்குப் போதும்ன்றான். அவன்னா இவனுக்கு உசுரு." அந்தக் கடைசி வரி நீ சொல்லாதது. அவராகச் சேர்த்துக்கொண்டார்.

என் பக்கத்து அம்மாவும் அர்த்தம் கேட்கத் திரும்பினார். அவர் என் முகத்தைப் பார்த்தார். "உன் தம்பியா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டவர் படம் முடியும் வரை விடவில்லை.

விளக்கு போட்டதும் ரமில் மேடைக்குப் போகவில்லை, ஓரமாக நின்றான். கைதட்டல் நிற்கவே இல்லை. நான்தான் மேடைக்குப் போகச் சொல்லி முதுகில் ஒரு தள்ளு தள்ளினேன். நோர்மா அம்மா நேரே அவனிடம் வந்து, கேசட் அட்டையில் என்ன போடுவது என்று கேட்டார். "காதல் படம்னு போடுங்க" என்றான். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். இப்போது அவர் கடையில் குடும்பப் படங்கள் வைக்கிற வரிசையில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். சனிக்கிழமை போனால் கிடைக்காதாம், வெளியே போயிருக்குமாம்.

ரமில் இன்னும் பாத்திரம்தான் கழுவுகிறான். பணக்காரன் ஆகிவிட்டான் என்று கனவு காணாதே. ஆனால் அடுத்ததற்கு நோர்மா அம்மாவே பிலிம் வாங்கித் தருகிறேன் என்கிறார். இந்த முறை யார் முதுகையும் கேட்கவில்லை.

பாலா, உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். உன் ஆண்டுத் திதி வருகிறது. எள்ளும் தண்ணீரும் யார் இறைப்பது என்று ஐயர் கேட்டார். மாமா செய்யலாம், தப்பில்லை என்றும் சொன்னார். நான் ரமிலைக் கைகாட்டினேன். அவர் அவன் கழுத்தில் கிடக்கும் சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாருக்கு என்ன உறவு என்று கேட்டார். என் தம்பியோடு வாழ்ந்தவன் என்று எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். திதியன்று அவன்தான் உட்காருவான், அவன் கையிலிருந்துதான் உனக்குத் தண்ணீர் வரும். இந்த ஆண்டு மட்டுமில்லை, அவனுக்குக் கை இருக்கும்வரை. இதில் யார் குறுக்கே வந்தாலும் அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வந்து வாங்கிக்கொள்.

உனக்கு அக்கா, இப்போது ரமிலுக்கும் அக்கா,
புவனேஸ்வரி